ஒரே காலையில் ஏழு புடவை

என் முகத்தைக் காட்டித்தான் நான் இறால் விற்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லிக்கொடுத்தவர்கள் இதை வேறு வார்த்தையில் சொன்னார்கள். பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு. சிறுதொழில் செய்கிற பெண்களுக்கு இலவசம், மதியம் சாம்பார் சாதம் உண்டு. பாடம் எடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. "அக்கா, ஜனங்க மீனை வாங்கறதில்ல, உங்களை வாங்கறாங்க. நீங்கதான் பிராண்ட்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீஞ்சூர் ஊறுகாய்க்காரி என் தொடையைக் கிள்ளி, "என்னிய எவன் வாங்குவான்? வூட்ல கீறவனே வாங்கமாட்டான்" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண் மைக்கை அணைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் சொன்னதை ஒன்று விடாமல் செய்தவள் நான்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊர். என் கணவர் ஏரியில் வலை போடுகிறவர். பிடித்ததைக் கரையிலேயே வியாபாரி எடுத்துக்கொள்வார். அவர் சொன்னதுதான் விலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கணவருக்குக் கோபமே வராது, அது வேறு ஒரு கோபம் எனக்கு. ஒரு நாள் வியாபாரியிடம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். "இப்ப இத்த இன்னாமே பண்ணப் போற?" என்றார் கணவர். "விக்கப் போறேன். மெட்ராஸ்ல திங்கறவனுக்கே நேரா விக்கப் போறேன்" என்றேன். அப்படித்தான் போனில் ஒரு பக்கம் தொடங்கினேன். என் பெயரோடு 'அக்கா' சேர்த்து அதற்குப் பெயர் வைத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு வருஷத்தில் சென்னையில் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் என் கைக்கு வந்தன. வாரத்தில் மூன்று நாள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். கேட்டில் இறங்கினால் வாட்ச்மேன் முதல் லிஃப்டில் வருகிற குழந்தைவரை என்னைத் தெரியும். "எறா அக்கா வந்தாச்சு" என்பார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்டாட்டி என்றே கூப்பிடப்பட்டவளை முதல்முதலாக அவள் செய்கிற வேலையை வைத்துக் கூப்பிட்டார்கள். தலைகால் புரியாமல்தான் போயிற்று.

நான் தொடங்கிய பக்கத்தில் தினமும் வீடியோ வரவேண்டும், ஒரே நேரத்தில் வரவேண்டும், காலை பத்து மணி என்றால் பத்து மணி என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் விட்டாலும் ஜனங்கள் மறந்துவிடுவார்களாம். இங்கேதான் சிக்கல். எங்கள் ஏரியில் இறால் எல்லா இடத்திலும் விழாது. தண்ணீர் ஓட்டம் இருக்கிற சில இடங்களில்தான் விழும். அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். நினைத்தவன் போய் அங்கே வலை கட்ட முடியாது. ஊரில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். நல்ல பாட்டில் என் கணவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை முறை வரும். அன்றைக்கு வலையைத் தூக்கினால் பார்க்கக் கண் கொள்ளாது. மற்ற நாளெல்லாம் ஓரத் தண்ணீரில் அலைந்து நாலு நண்டோடு வருவார். அந்த நாட்களில் முறை இருந்தவர்களிடம் இறால் வாங்கிப் பெட்டியில் வைப்பேன். இறால் அன்றன்றைக்குப் பிடித்ததுதான். அதில் ஒரு நாளும் நான் குறை வைத்ததில்லை. ஆனால் வலை நிறைய இறாலும், பின்னால் இடுப்புவரை தண்ணீரில் என் கணவரும், முன்னால் நானும் என்று காட்டுவதற்கு அந்த ஒரு நாள்தான் உண்டு.

அதற்கும் வகுப்பில் வழி சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் ஏழு வீடியோ எடு, நாளுக்கு ஒன்றாக நேரம் குறித்து வை, போன் தானே போட்டுக்கொள்ளும். அப்படியே செய்தேன். கணவரின் முறை நாளில் ஒரு பையில் ஏழு புடவையை அடைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். வலையை உலர்த்துகிற கம்பத்தில் ஒரு போர்வையைக் கட்டி, அதன் மறைவில் புடவை மாற்றி மாற்றி வந்து நின்றேன். ஏழு தடவையும் ஒரே பேச்சு: "வணக்கம் வணக்கம், உங்க எறா அக்கா வந்துட்டேன். இன்னிக்குக் காலைல, இப்பதான் பாட்டுல இருந்து தூக்கினோம். உயிரோட துள்ளுது பாருங்க!"

ஐந்தாவது புடவை பச்சை. அதைக் கட்டிக்கொண்டு பேசும்போது மாமா அந்தப் பக்கம் வந்தார். மாமா என்றால் என் கணவரின் பெரியப்பா. அவருக்கும் அதே பாட்டில் முறை உண்டு. அவருடைய முறை நாளில் என் கணவர்தான் கூடப் போய் வலை கட்டிக்கொடுப்பார். அவர் வந்து நின்றதும் நான் ஒரு சத்தம் போட்டேன், அவர் நகர்ந்துவிட்டார். வீடியோவின் கடைசியில் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நான் அதை மறந்தும் போனேன்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் மாமா செத்துப்போனார். அன்றைக்கு அவருடைய முறை. வலையைத் தோளில் போடக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவர் மனைவி, என் அத்தை, தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. என் கணவர் ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "நைனா, நைனா" என்று கத்தினார். பெரியப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவரை வளர்த்ததே மாமாதான். மாமாவுக்கு ஒரே மகள், ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளைக் கூட்டிவரக் கணவர் யார் யாரிடமோ வண்டி கேட்டு அலைந்து, கடைசியில் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினார். நான் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுச் சாவு வீட்டுக்குப் போனேன். சாவு வீட்டில் போனைக் கையில் வைத்திருப்பது எனக்கே பிடிக்காது.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. முறை இருந்தாலும் அந்த நாள் போனதுதான். மீறி இறங்கினால் ஒரு வருஷத்துக்குப் பாடு கிடையாது, சீட்டில் பெயரே போடமாட்டார்கள். அடுத்தவன் முறையில் வலை போட்டாலும் அதே தண்டனைதான். சின்ன வயதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த ஊர்க் கட்டுப்பாடு. எனக்கும்தான் தெரியும்.

பெண்கள் நாங்கள் உள்ளே மாமாவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். அத்தை அழவில்லை. மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கணக்குத் தப்பிவிட்டது போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வெளியே பந்தலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "வணக்கம் வணக்கம், உங்க எறா அக்கா வந்துட்டேன்." முதலில் எனக்குப் புரியவில்லை. யார் இப்படிச் சாவு வீட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு பேசுகிறவள் என்று கோபம்கூட வந்தது. "இன்னிக்குக் காலைல, இப்பதான் பாட்டுல இருந்து..." என்று வந்தபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மணி பத்து. போன் தானே போட்டுக்கொண்டுவிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். அந்த வீடியோவை அழித்தேன். அது அடுத்த தப்பு. அதற்குள் ஊரில் பாதிப் பேருடைய போனில் அது இருந்தது. "அழிச்சிட்டா பாத்தியா? மடியில கனம் இல்லாம ஏன் அழிக்கிறா?" என்றார்கள். நான் திரும்பிப் போனபோது பந்தலில் யாரும் என்னிடம் பேசவில்லை. கணவர் மாமாவின் மகளோடு வந்து இறங்கியபோது அவரிடமும் யாரும் பேசவில்லை. அவர் பாடையைத் தூக்கப் போனார். ஒருவர் அவர் தோளைப் பிடித்து விலக்கிவிட்டுத் தான் தோள் கொடுத்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. என்னைத்தான் பார்த்தார்.

வளர்த்தவர் செத்த அன்றைக்கே அவருடைய முறையைத் திருடினான் என்று ஊர் பேசிற்று. ஐந்து மணிக்கு உயிர் போயிற்று, ஒன்பது மணிக்கு ஆரம்பாக்கத்தில் இருந்திருக்கிறான், நடுவில் என்ன செய்தான்? வண்டிக்கு அலைந்தான் என்றால் யார் நம்புவது? வலையும் நிறைய இறாலும் அவனும் வீடியோவில் இருக்கிறார்கள். இன்றைக்குக் காலை என்று பெண்டாட்டியே வாய் நிறையச் சொல்கிறாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடிற்று. பெண்கள் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஊர்த் தலைவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். "தம்பி, நீ இன்னா சொல்ற?"

"அது அன்னிக்கு எடுத்தது இல்லண்ணா. என் மொறையில எடுத்தது."

"உன் வூட்டுக்காரி இன்னிக்குனு சொல்லுதே."

'அவள் சொன்னது பொய்' என்று கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது, சொல்லித் தொலையேன்யா என்று. போனில் தேதி இருக்கும், பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். "தேதியெல்லாம் மாத்தலாம்ணா" என்றான் ஒரு பையன். வீடியோவைப் பந்தலில் போட்டுக்காட்டியவன் அவன்தான்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் அழித்தாலும் போனில் இருந்தது. எத்தனையோ வீடியோ எடுத்திருக்கிறேன். எதிலும் என்னைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததே இல்லை. புடவை மடிப்பு சரியா, வாய் கோணுகிறதா, முகம் கறுப்பாகத் தெரிகிறதா என்று என் மூஞ்சியையேதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என் மூஞ்சியை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். கடைசி நாலு விநாடியில், என் இடது தோளுக்குப் பின்னால், தலையில் துண்டோடு மாமா நடந்து வந்துகொண்டிருந்தார்.

கணவரைக் காப்பாற்ற அது போதும். செத்தவர் நடக்கிறார் என்றால் வீடியோ சாவுக்கு முன்னால் எடுத்தது. ஆனால் அதைக் காட்டினால் என் 'இன்னிக்குக் காலைல' எல்லாம் பொய் என்று நானே ஊர் நடுவில் சொல்ல வேண்டும். நூறு போன் இருக்கிற இடம் அது. ஊர்ப் பேச்சு ஊரோடு நிற்கிற காலம் இல்லை. காட்டாவிட்டால் ஒரு வருஷம் பாடு இல்லை. அதைவிட, வளர்த்தவரின் முறையைத் திருடினவன் என்ற பெயர் அவருக்குச் சாகும்வரை நிற்கும். நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. யோசித்தேன். தலைவர் இரண்டாவது தடவை கேட்டு, கணவர் இரண்டாவது தடவையும் பதில் சொல்லாமல் நிற்கிறவரை யோசித்தேன்.

பிறகு ஆண்களை விலக்கிக்கொண்டு போய்த் தலைவரிடம் போனைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று.

"அப்ப நீ தெனம் இன்னிக்கு இன்னிக்குனு சொன்னதெல்லாம்?" என்றார் தலைவர்.

"பொய்ண்ணா."

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஒரே காலைல ஏழு பொடவ மாத்தி எடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. கணவர் மேல் குற்றம் இல்லை, முறை அவருக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள். பாட்டில் இனி யாரும் வீடியோ எடுக்கக் கூடாது, போனில் என் பக்கமும் இருக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். நான் சரி என்றேன். வீட்டுக்கு நடந்து வரும்போது கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏமே, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" அவருக்கு அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மறுநாள் காலையிலேயே எல்லோர் போனிலும் ஒரு வீடியோ வந்துவிட்டது. அதே பையன் என் வீடியோவில் மாமாவின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'செத்தவரும் ஃப்ரெஷ், எறாவும் ஃப்ரெஷ்' என்று எழுதி, கூட்டத்தில் நான் பொய் பொய் என்று சொன்னதையும் ஒட்டிப் போட்டிருந்தான். அது போன வேகத்தில் என்னுடைய எந்த வீடியோவும் ஒரு நாளும் போனதில்லை. நான் பெட்டியோடு சென்னையில் போய் இறங்குவதற்குள் எனக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்திருந்தது. வாட்ச்மேன் பெட்டியைத் தூக்க எழுந்திருக்கவில்லை. குடியிருப்பின் குரூப்பைப் பார்த்துக்கொள்கிற அம்மா மட்டும் கீழே இறங்கி வந்தார்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்லம்மா. ஆனா எல்லாரும் கேக்கறாங்க. இத்தனை நாள் என்ன சாப்பிட்டோம்னு கேக்கறாங்க."

"எறா பொய் இல்லம்மா. நாளுதான் பொய். தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க. நேத்துப் புடிச்சதா இருந்தா என் கையை வெட்டிப் போடுங்க."

"புரியுதும்மா" என்றார். அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வாங்கவில்லை. அந்தப் பெட்டியை அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் எதிர் சீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க அந்த எறா அக்காதானே?" என்றாள். "இல்ல" என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை சுலபமாக நான் சொன்ன பொய் வேறு இல்லை.

பக்கத்தை அழித்துவிட்டேன். பையன் போட்டது அழியவில்லை, அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கணவரின் அடுத்த முறையில் வலை நிறைய விழுந்தது. பார்க்கிறதுக்கே எனக்கு எரிந்தது. அவ்வளவையும் பழைய வியாபாரியிடமே கொண்டுபோய்க் கொட்டினோம். "இன்னாமா, பிராண்டு நம்ம கடைக்கே வந்துகீது!" என்றார். முன்பானால் கூடையைத் தூக்கி அவர் மேல் எறிந்திருப்பேன். இப்போது அவர் எடை போடக் கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். கோபம் வரவில்லை. கோபம் வராதது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது என் கணவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மாமாவின் காரியம் முடிந்து நாலு நாள் கழித்து அத்தை என் வீட்டுக்கு வந்தார். திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அவரு நடக்கறாராமே உன் போன்ல, நெஜமா?" என்றார். வீட்டில் மாமாவின் படம் என்று இருந்தது ஒன்றுதான். ரேஷன் அட்டைக்கு எடுத்ததைப் பெரிது பண்ணி மாலை போட்டிருந்தார்கள். அதில் அவர் போலீஸ்காரனைப் பார்த்தது போல விறைத்துக்கொண்டிருப்பார். ஊரே பார்த்த வீடியோவை அத்தை மட்டும் பார்த்திருக்கவில்லை. அவரிடம் போன் இல்லை, காட்டுகிற தைரியமும் யாருக்கும் இல்லை.

நாலு விநாடியைப் போட்டுக் காட்டினேன். பார்த்தார். "பேசலியா?" என்றார்.

பேசினார். வெட்டி எறிந்த பகுதி போனில்தான் இருந்தது. கூட்டத்தில்கூட நான் அதைக் காட்டவில்லை. காட்ட வேண்டாம் என்று போனை அணைக்கத்தான் முதலில் கை போயிற்று. பிறகு, இனிமேல் எதை வெட்டி எதைக் காப்பாற்றப்போகிறோம் என்று தோன்றிற்று. முழுதையும் போட்டேன்.

நான் பச்சைப் புடவையில் சிரிக்கிறேன். உயிரோட துள்ளுது பாருங்க என்கிறேன். மாமா பின்னால் வந்து நின்று, "இன்னாமே, எத்தினி பொடவ? ஜவுளிக்கட வெக்கப்போறியா?" என்கிறார். உடனே என் சிரிப்பு போய்விடுகிறது. "ஐய, ஓரமா போ மாமா! நீ நின்னா எவன் பாப்பான்? எறா விக்க வேணாமா எனக்கு?" என்று கத்துகிறேன். "போறேன் போறேன்" என்கிறார் மாமா. சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்கிறார். பிறகு அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருக்கிறது.

அத்தை போனைக் கிட்டே பிடித்து, அவர் போன பக்கமாகத் திரையின் ஓரத்தை விரலால் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை.

"நீ சொன்ன ஒடனே பூட்டாரு பாரு" என்றார். "எம்பேச்ச ஒரு நாளும் கேட்டதில்ல." போனை என் கையில் கொடுத்தார். "இன்னொரு தபா போடு."

போட்டேன். மறுபடியும் அவரை ஓரமாகப் போகச் சொன்னேன்.